நாப்பதுலயே நிக்குது

ஞாயிறு காலையில் சிங்கப்பூரிலிருந்து மகன் பரிதி கூப்பிட்டால், குத்தாலத்தில் நீலாம்பாள் முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுவாள்.

“அம்மா, கம்ப்யூட்டருக்கு செக்யூரிட்டி பேட்ச் போட்டீங்களா? பழைய விண்டோஸ். எவனாவது உள்ளே பூந்து பேங்க் பாஸ்வேர்டைத் தூக்கிடுவான்.”

“இப்பதான் போட்டேன்ப்பா. நாப்பது சதவீதம் காட்டுது.”

“சரி, முடியிற வரைக்கும் லைன்ல இருக்கேன். நடவு முடிஞ்சுதா?”

“ஆச்சு. புள்ளைக்குப் பல்லு முளைச்சுதா?”

“ரெண்டு முளைச்சிருக்கு, எல்லாரையும் கடிக்கிறான். எவ்வளவு ஆச்சு?”

“நாப்பதுலயே நிக்குதுப்பா.”

“புதுசு வாங்கித் தரேன்மா. அது தானாவே போட்டுக்கும். நான் வாராவாரம் கூப்பிட வேண்டியதில்ல. எனக்கும் வேலை கெடாது.”

நீலாம்பாளுக்குக் குரல் இறங்கிவிட்டது. “பழசே போதும்ப்பா. இதோ, நூறு ஆயிடுச்சு.”

“அப்ப வச்சிடறேன்மா.”

பாத்திரத்தைத் திருப்பித் தர வந்த பக்கத்து வீட்டு ஷமா வாசலிலேயே திகைத்து நின்றாள். “என்னம்மா இது? போன மழையில இடி விழுந்து கருகின கம்ப்யூட்டரைப் பழைய சாமான்காரர்கிட்ட நாமதானே தூக்கிக் கொடுத்தோம்?”

நீலாம்பாள் வெறும் மேசையை முந்தானையால் துடைத்தாள். “அது இல்லேன்னு தெரிஞ்சா அவன் எதுக்கு ஷமா கூப்பிடப் போறான்?”

ஷமா பாத்திரத்தை வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்தாள்.

“அடுத்த வாரம் அவசரப்பட்டு நூறு சொல்லிடாதீங்கம்மா. தொண்ணூத்தொம்பதுலயே நிக்கட்டும்.”