அறுபதாயிரம் கடிதங்கள்

வெண்டல் கிராப்ட்ரீ இல்லாமல் ஓஹையோவின் காப்பீட்டுத் துறை ஒரு நாள்கூட மூச்சு விடாது. இதைச் சொன்னவர் வெண்டல் கிராப்ட்ரீதான்.

இரண்டு வார ஃப்ளோரிடா விடுமுறை முடிந்து அவர் வந்த காலையில், மின்னஞ்சல் செயலி திறந்த மறுநொடியே படுத்துக்கொண்டது. பதினொரு மணிக் கூட்டத்தில் அவருடைய துணை இயக்குநர் பதவி தேவைதானா என்று முடிவாகும். இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? இயக்குநர் மார்சியாவை ஸ்பீக்கர் போனில் பிடித்தார்.

"கேளுங்க மார்சியா! நான் ரெண்டே வாரம்தான் இல்ல. குவிஞ்ச மெயிலைத் தாங்காம புரோகிராமே சாகுது. ஒடெட், எத்தனைன்னு சத்தமா சொல்லும்மா!"

கணினிப் பிரிவின் ஒடெட் ஒருவழியாக செயலியை சேஃப் மோடில் திறந்திருந்தாள். "அறுபதாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு."

"இந்தப் பதவியையா தூக்கப்போறீங்க?"

"யாரெல்லாம் எழுதியிருக்காங்க?" என்றார் மார்சியா.

ஒடெட் பட்டியலை உருட்டிப் பார்த்தாள். "வெண்டல், 'நான் லீவு, அவசரம்னா வீட்டு மெயில் முகவரிக்கு எழுதுங்க'ன்னு தானா பதில் போற மாதிரி வச்சீங்களா?"

"பொறுப்பான ஆளு வைக்கமாட்டானா?"

"வீட்டு முகவரியில?"

"அதுலயும்தான். அவசரம்னா ஆபீஸுக்கு எழுதச் சொல்லி."

"சரியா போகுதான்னு பாக்க, ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்கு ஒண்ணு அனுப்பியிருக்கீங்க. அன்னிலேர்ந்து ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பதில் போட்டுட்டே இருக்கு."

மார்சியா கேட்டார்: "மனுஷங்க எழுதினது?"

ஒன்று இருந்தது. ஃபிரிட்ஜில் கெட்டுப்போன வெண்டலின் டியூனா மீன் சாலடைத் தூக்கி எறிந்துவிட்டதாகத் துப்புரவுப் பிரிவு எழுதியிருந்தது.