மடியில் ஒரு லிட்டர்

ஜீப்பின் முன்சீட்டில், பாட்டிலை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

உள்ளே ஒரு லிட்டர் டீசல். எஞ்சினுக்குப் போக ஒரு குழாய், மிச்சம் திரும்பி வர ஒரு குழாய். டேங்கைக் கழற்றிவிட்டாயிற்று. இந்த பாட்டில் தீருகிற இடத்தில் ஜீப் நிற்கும். அதுவரை ஓடிய தூரம்தான் மைலேஜ்.

சும்மா ஓட்டம் இல்லை. பின்னால் டிரெய்லரில் மீன்பிடிக்கிற ஃபைபர் வள்ளம் கட்டியிருந்தது. ஊரே பார்க்க ஆடி ஆடி வந்தது.

"வெறும் வண்டிக்கு யாரு வேணா மைலேஜ் சொல்லுவான். வள்ளத்த இழுத்துக் காட்டு" என்று காலையிலேயே புருஷன் கறாராகச் சொல்லிவிட்டான்.

வண்டியை விற்க வந்த தங்கத்துரை பின்சீட்டில் இருந்தான். வள்ளத்தோடு லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் தரும் என்று சத்தியம் செய்திருந்தான்.

ஓட்டுகிற புருஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புது மாப்பிள்ளை கெட்டான்.

"இத வாங்கிட்டோம்னா இனி எவன் வாசல்லயும் போயி நிக்க வேண்டாம்."

எவன் என்றால் வேறு யார், அவன் கூடப் பிறந்த அண்ணன் ரெமிஜியுஸ்தான்.

கரையில் வள்ளங்களை இழுத்து ஏற்றும் டிராக்டர் அண்ணனுடையது. போன மழைக்காலத்தில் ஒருநாள், அலை மோசமாக இருந்தபோது, "வரிசைல வா" என்று தம்பியை நாலு பேர் முன்னால் நிறுத்திவிட்டார். காத்திருந்த நேரத்தில் அலை புரட்டி வள்ளத்தின் பின்பக்கம் உடைந்தது. கூடப் பிறந்தவனுக்கும் வரிசையா? அன்றோடு பேச்சு நின்றது.

அவளுக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. என்றைக்காவது தேவை வரும், போய் நிற்பான், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தாள்.

ஜீப் வந்துவிட்டால் தேவையே வராதே.

ஓரகத்தியும் அவளும் கொல்லை வேலிக்கு மேலே ஒளித்து ஒளித்து மீன்குழம்பு மாற்றிக்கொள்வது ஆயுசுக்கும் என்று ஆகிவிடும்.

ஊருக்கு வெளியே போக வேறு சாலையும் இருக்கிறது. அண்ணன் வாசல் வழியாகத்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டுமாம். அவர் பார்க்க வேண்டுமாம். ஆசையைப் பார்.

பாட்டிலைப் பார்த்தாள். பாதிக்குமேல் அப்படியே இருந்தது போலிருந்தது. நல்ல வண்டி. சனியன், குடிக்கவே மாட்டேன் என்றது.

சிலுவை வைத்த குருசடி தாண்டியது. பாதிக்குக் கீழே இறங்கியது. அடுத்த வளைவில் அண்ணன் வீடு.

டீசல் எஞ்சினுக்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கரையில் அதற்கு விழுகிற வசவைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது.

எஞ்சினுக்குப் போகிற குழாயை மெல்ல மேலே இழுத்தாள்.

நுனி டீசலை விட்டு வெளியே வந்தது.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

மாதாவே, நிக்க மாட்டேங்குதே!

வளைவு வந்தது. வீடு வந்தது. ஜீப் கேட்டைத் தாண்டியது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது இருமியது. ஒருமுறை குலுங்கியது.

நின்றது.

ஜீப் கேட்டைத் தாண்டி. வள்ளம் சரியாகக் கேட்டுக்கு நேரே.

முந்தானையை இழுத்து பாட்டிலை மூடிக்கொண்டாள்.

தங்கத்துரை குதித்து இறங்கி பானெட்டைத் திறந்தான். "ஏர் எடுத்துட்டுண்ணே. இப்போதைக்கு ஸ்டார்ட் ஆவாது."

பின்னால் மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்தது. புருஷன் இறங்கினான். கேட் பக்கம் திரும்பவே இல்லை. வள்ளத்துக்குத் தோள்கொடுத்துத் தனியாகத் தள்ளினான். அது அசையுமா?

கேட் திறந்தது.

அண்ணன் பனியனோடு நின்றார். தம்பியைப் பார்க்கவில்லை. வள்ளத்தின் பின்பக்கம் ஒட்டுப்போட்ட இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதானா?

உள்ளே டிராக்டர் உறுமியது.

மினிபஸ்காரன் தலையை வெளியே நீட்டி முதலில் பஸ்ஸுக்கு வழி விடச் சொல்லிக் கத்தினான். அண்ணன் டிராக்டரிலிருந்தபடியே திருப்பிக் கத்தினார்.

"பொறுமய்யா! எங்க வீட்டு வள்ளம். இத இழுத்துட்டுத்தான் மத்தது!"

தள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அண்ணன் சங்கிலியின் ஒரு முனையை நீட்டினார். தம்பி வாங்கினான். குனிந்து ஜீப்பின் முன்னால் மாட்டினான். மாட்ட இத்தனை நேரமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

டிராக்டர் ஜீப்பையும் வள்ளத்தையும் சேர்த்துச் சாலையோரம் இழுத்து நிறுத்தியது. மினிபஸ் போனது. கேட்டுக்குள்ளிருந்து ஓரகத்தி எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தங்கத்துரை மீட்டரைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டான். "ஆறுதான் வந்திருக்கு. சத்தியமா ஒன்பது குடுக்கும்ணே. எங்கயோ தப்பு நடந்திருக்கு."

புருஷன் அவளிடம் வந்தான். கையை நீட்டினான்.

முந்தானையை விலக்கி பாட்டிலைக் கொடுத்தாள்.

அடியில் நாலு விரல் டீசல் நின்றது.

அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் கடலைப் பார்த்தாள். கடலில் அப்படி ஒன்றும் இல்லை.

அவன் டிராக்டரிடம் போனான். டேங்க் மூடியைத் திருகி, மிச்ச டீசலைச் சொட்டு விடாமல் அதில் ஊற்றினான். அண்ணன் மூடியைத் திருகி மூடினார்.

காலி பாட்டிலோடு தங்கத்துரையிடம் திரும்பி வந்தான்.

"வண்டி நல்ல வண்டிதான் தம்பி. மைலேஜ்தான் பத்தாது."