ஒரே படம் மாட்டிய வீடு

ஸ்ர்ர்... என்று நீளமாக ஓர் இழுப்பு. கொஞ்சம் அமைதி. மறுபடி ஸ்ர்ர்...

கீழ்த்தளத்தில் ஓவியர் தௌஃபீக், படம் அச்சிட ரப்பர் பட்டையால் பட்டுத்திரையின் மேல் மையை இழுக்கும் சத்தம் அது. போர் ஓய்ந்த வருடங்களில் எங்கள் கட்டடம் அதைக் கேட்டுத்தான் கண்விழித்தது.

ஒரு படத்துக்கு ஐம்பது பிரதி. அதோடு சரி, திரையைக் கத்தியால் கிழித்துவிடுவார். பிறகு ஒவ்வொரு தாளின் கீழும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும். கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் போஸ்டர் என்பார்.

அவருடைய கடைசிப் படம் 'மீன்பிடித் துறை'. அவர் இறந்ததும், மனைவி நுஹாத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவளிடமிருந்து அதில் ஆளுக்கொன்று வாங்கினோம்.

பல வருடம் கழித்துத்தான் பெய்ரூட்டுக்கு அவர் அருமை தெரிந்தது. பெரிய கண்காட்சி ஒன்று ஏற்பாடானது. பாரிஸிலிருந்து ஒரு நிபுணர் வந்து, வீடு வீடாகப் படங்களைப் பரிசோதித்து எடுத்துப் போவார் என்றார்கள்.

அந்தச் செய்தி வந்த வாரம்தான் மூன்றாம் மாடி ஒடெட்டுக்குப் பித்துப் பிடித்தது.

பள்ளியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்றவள். தனி ஆள். சம்பாதித்ததையெல்லாம் தௌஃபீக்கின் படங்களாக்கி வைத்திருந்தாள். மாதுளை, சிவப்புப் படகு, மழையில் நிற்கும் கழுதை என்று அவள் சுவரில் கை வைக்க இடம் இருக்காது.

இப்போது அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்களிடம் இருந்த 'மீன்பிடித் துறை' அவளுக்கு வேண்டுமாம்.

"பதிலுக்கு என் வீட்டுல எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கோங்க, அபூ ரம்ஸி" என்றாள் என் கணவரிடம். மகன் ரம்ஸியை வைத்து எல்லோருக்கும் அவர் அபூ ரம்ஸி, நான் உம் ரம்ஸி.

"அப்படி என்ன மதாம் இதுல? மீனெல்லாம் உயிரோட இருக்கா?"

அவள் சிரித்தாள். காரணம் மட்டும் சொல்லவில்லை.

கடைசியாக அவர் கை பட்ட படம், நாளைக்கு மதிப்பு எங்கேயோ போகும், டீச்சர் கணக்குப் பார்க்காமலா வருவாள் என்று என் கணவர் இரண்டு நாள் பிகு செய்தார். பிறகு மாதுளையைக் கேட்டார். அது அவள் கட்டிலுக்கு மேலே இருந்தது. சரி என்றாள். கூடவே சிவப்புப் படகையும் கேட்டார். அதற்கும் சரி என்றாள். அவர் ஆணியிலிருந்து கழற்றும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மற்ற வீட்டாரும் அப்படியே. ஒரு மாதத்தில் ஒடெட்டின் வீட்டில் கூடம், படுக்கையறை, சமையலறை எங்கும் அதே மீன்பிடித் துறை.

"இன்னைக்கு வலையில என்ன விழுந்துச்சு, மதாம்?" என்று மாடிப்படியில் பெண்கள் சீண்டுவார்கள்.

நிபுணர் வந்தார். எங்கள் வீட்டு மாதுளையின் முன்னால் நெடுநேரம் நின்று பாராட்டினார். ஒடெட்டின் வீட்டுக்குள் போனவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். அங்கே மாட்டியிருப்பதில் ஒன்றில்கூட இருப்பது தௌஃபீக்கின் கையெழுத்து இல்லையாம்.

நாலு படி இறங்குவதற்குள் என் கணவர் கணக்குப் போட்டு முடித்துவிட்டார். "நம்மகிட்ட வாங்கின அசலையெல்லாம் வெளிநாட்டுக்குத் தள்ளிட்டு, நகலை மாட்டி வெச்சிருக்கா. நம்மள என்ன முட்டாளுன்னு நெனச்சிருக்கா பாரு."

கட்டடம் முழுக்க அதை நம்பியது. யாரும் அவளுக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. யாரோ அவள் வாசலில் ஒரு மீன் தலையை வைத்துவிட்டுப் போனார்கள்.

அதை அவள் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தபோது, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"சுவர் என்னோடது, உம் ரம்ஸி. நான் எதை வேணா மாட்டிக்கறேன்."

கண்காட்சியில் மாதுளைக்குக் கீழே எங்கள் குடும்பப் பெயரை எழுதி வைத்திருந்தார்கள். என் கணவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். முன்வரிசையில் கறுப்பு உடையில் நுஹாத். அமைச்சர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஒடெட்டுக்கு அழைப்பு இல்லை.

கோடை வருமுன் அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு, மலையில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாள். பெட்டிகளைத் தூக்கி இறக்க எங்களில் ஒருவரும் போகவில்லை.

திராட்சை பழுக்கும் காலத்தில் நுஹாத் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காப்பி வைத்தேன். தொடவில்லை.

"'மீன்பிடித் துறை'ல அவர் பாதிப் பிரதிக்குத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதெல்லாம் முன்னாடியே வித்துப்போச்சு. மிச்சத்துல போட்டது நான்தான்" என்றாள்.

என் கணவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வீட்டுல குழந்தைங்க. வேற வழி தெரியல. நான் போட்டுக்கிட்டு இருக்கும்போது, துக்கத்துக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்த ஒடெட் பார்த்துட்டா. 'பென்சில் மழுங்கிப்போச்சு, சீவிக்கோ'ன்னு மட்டும் சொன்னா. அப்புறம் என்கிட்டகூட அதப்பத்திப் பேசினதில்ல."

தலை நிமிர்ந்தாள். "அந்தப் பாரிஸ் ஆளு உங்க சுவருல அதைக் கண்டுபிடிச்சிருந்தா, நீங்கல்லாம் என் வாசலுக்குத்தானே வந்திருப்பீங்க? அதான் எல்லாத்தையும் தன் சுவருக்குக் கொண்டு போயிட்டா. நான் முன்வரிசையில உக்காந்திருந்தேன், உம் ரம்ஸி."

என் கணவர் எழுந்து வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மூவரும் மலைக்குப் போனோம். கதவைத் திறந்த கன்னியாஸ்திரீ, நாங்கள் உறவா என்று கேட்டாள். அண்டை வீட்டார் என்றோம்.

ஒடெட் போன மாதமே இறந்துவிட்டாள். சொல்லி அனுப்ப யாருடைய பெயரையும் அவள் தராததால், இல்லத்துத் தோட்டத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.