தபால்தலையின் முதுகு

செண்பகவல்லி வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்குக் கடிதம் எழுதி முடித்தாள். தபால்தலைதான் ஒட்டவில்லை. மழைக்கால ஈரத்தில் அதன் பசை போயிருந்தது. சாப்பிட்டு வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கி, தபால்தலையின் முதுகில் தடவி ஒட்டினாள்.

"மயில் படம் போட்ட எனக்கு எச்சில் சோறா?" என்று தபால்தலை முகம் சுளித்தது.

கடிதம் போன தபால் பைக்குள் ஓர் எறும்பு மோப்பம் பிடித்து வந்தது.

"இந்தப் பருக்கையைத் தின்றுவிட்டுப் போ," என்றது தபால்தலை. "யார் தயவும் இல்லாமல் நான் நிற்பேன்."

எறும்பு பருக்கையின் ஓரத்தைக் கடித்து இழுத்தது.

"நான் விட்டால் இது விழுந்துவிடும்," என்றது பருக்கை. "இது விழுந்தால் கடிதம் போகாது. அக்கா எழுதவே இல்லை என்று அந்தத் தம்பி நினைப்பான். போய்ச் சேரும்வரை விடமாட்டேன்."

எறும்பு மறுபடியும் இழுத்தது. பருக்கை காய்ந்து கல்லாகியிருந்தது. தாடை வலித்ததுதான் மிச்சம். எறும்பு வேறு பக்கம் போய்விட்டது.

கடிதம் போய்ச் சேர்ந்தது. தம்பி அதைப் படித்துவிட்டு, தபால்தலையை நீரில் ஊறவைத்து உரித்து, ஆல்பத்தில் வைத்தான். அங்கே பல நாட்டுத் தபால்தலைகள் இருந்தன.

"பசை போய்விட்டது என்கிறாய். பிறகு எப்படிக் கடல் தாண்டி வந்தாய்?" என்று பக்கத்திலிருந்த ஜப்பான் தபால்தலை கேட்டது.

"எல்லாம் மனவுறுதிதான்," என்றது மயில் தபால்தலை.

அதன் முதுகில் பாதிப் பருக்கை இன்னும் பிடியை விடாமல் இருந்தது.