கெசையாவின் நாடா

கெசையா திங்கட்கிழமை இருமி இருமியே செத்துப்போனாள். மறுநாளே அவளுடைய நான்கு தறிகளையும் மேஸ்திரி என் தலையில் கட்டினார்.

எங்கள் லங்காஷயர் ஆலையில், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு, படகு போன்ற அந்த மரக்கட்டைக்கு, நூல் கோக்க ஊசி கிடையாது. நூல்கண்டைச் செருகி, நாடாவின் துளையில் வாயை வைத்து நூல்நுனியை உறிஞ்சி வெளியே இழுக்க வேண்டும். பஞ்சும் எண்ணெயும், முன்னால் உறிஞ்சியவளின் எச்சிலும் சேர்ந்தே வரும். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. துப்பக்கூட நேரமில்லை.

கெசையாவின் நாடாக்களில் அவள் வாய்தான் நாறியது. சொத்தைப் பல்லுக்கு அவள் அடக்கிக்கொள்ளும் கிராம்பு, அதற்கடியில் சீழ். மூன்று நாள் வெந்நீரில் கழுவினேன். துளை காயவே இல்லை.

"செத்தவ எச்சில என்னால உறிஞ்ச முடியாது மேஸ்திரி. வேற நாடா குடுங்க."

"மகாராணிக்குத் தங்கத்துல வேணுமோ? முடியலன்னா கெளம்பு. வெளிய பத்துப் பேரு நிக்கிறாளுங்க."

பக்கத்துத் தறி தபிதா, "விடாதடி, கேளு," என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அந்த இரைச்சலில் நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

விடாமல் கேட்டதில் வெள்ளிக்கிழமை புது நாடா வந்தது. யார் வாயும் படாதது, மரவாசனைகூடப் போகவில்லை. வாயை வைத்தேன். கிராம்பு.

சட்டென்று நாடாவை வாயிலிருந்து எடுத்தேன்.

"தறி நிக்குது பாரு!" என்று மேஸ்திரி கத்தினார்.

கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வாயை வைத்துப் பலமாக உறிஞ்சினேன். நூல் வரவில்லை. என் உதடுதான் துளைக்குள் போனது. உள்ளேயிருந்து யாரோ உறிஞ்சினார்கள், வேலை தெரிந்தவளைப் போல, ஒரே இழுப்பில்.