அதீனாவுக்கு ஒரு அபிஷேகம்

"ரூஃபஸ், உங்க ஃபிரிட்ஜ்ல முட்டை இருக்கா?"

சர்ச்சுக்குக் கிளம்பி, டை கட்டிக்கொண்டிருந்த ரூஃபஸின் கை நின்றது. அமெரிக்காவில், பார்சிப்பனியில் எதிர் அபார்ட்மென்ட்டில் நான்கு வருடமாகக் குடியிருக்கும் வாஞ்சிநாதன், முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாதவன்.

"என்ன வாஞ்சி, ஸ்வர்ணா ஊருக்குப் போயாச்சா?"

"அவ இருக்கறதாலதான் வந்தேன்."

வாஞ்சிநாதன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளி நாணயத்தை எடுத்து நீட்டினான். ஒரு பக்கம் அதீனா தேவியின் முகம், மறுபக்கம் ஆந்தை. பழைய ஏதென்ஸ் நகரத்துக் காசு. புது எவர்சில்வர் டம்ளர் மாதிரிப் பளபளத்தது. அதுதான் பிரச்சினை.

காசு, மேனேஜர் மில்லருடையது. வாஞ்சிநாதனிடம் நல்ல கேமரா இருப்பது தெரிந்து, தன் நாணயக் கிளப்புக்காகப் போட்டோ எடுத்துத் தரச் சொல்லி வெள்ளிக்கிழமை கொடுத்திருந்தார். அப்போது அதன் மேல் கன்னங்கரேலென்று ஒரு படலம் இருந்தது. இந்தக் கறுப்பு இரண்டாயிரத்து நானூறு வருஷத்தில் தானாக ஏறியது, மதிப்பே இதற்குத்தான் என்று மூன்று தடவை சொன்னார். வாஞ்சிநாதனின் கிரீன் கார்டுக்கான கடிதம் கையெழுத்துக்காக அவர் மேஜையில்தான் கிடந்தது.

சனிக்கிழமை அவன் மனைவி ஸ்வர்ணா அந்தக் காசைப் புளியில் ஊறப்போட்டு, விபூதி வைத்துத் தேய்த்துவிட்டாள். இரவல் வாங்கியதைத் துலக்காமல் திருப்பிக் கொடுப்பது அவள் பிறந்த வீட்டில் வழக்கமில்லை. வாஞ்சிநாதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அவள் நிதானமாகச் சொன்னாள்:

"அம்மன் இத்தனை வருஷமாக் குளிக்காம இருந்திருக்கா. நம்மாத்துக்கு வந்துட்டு அப்படியேவா திரும்பிப் போறது?"

ரூஃபஸ் லேபில் கெமிஸ்ட். சிரித்து முடித்த பிறகுதான் முட்டை எதற்கென்று அவனுக்குப் புரிந்தது. வெள்ளி கறுக்கக் கந்தகம் வேண்டும். அவித்த முட்டையில் அது இருக்கிறது.

மூன்று முட்டைகளை அவித்து, மசித்து, பிளாஸ்டிக் பைக்குள் காசோடு போட்டுக் கட்டினார்கள். வாஞ்சிநாதனுக்கு முட்டை உரிக்க வரவில்லை. பாதி வெள்ளை ஓட்டோடு போனது. ரூஃபஸ் சர்ச்சுக்குப் போய்விட்டு வருவதற்குள் ஆந்தை கரிச்சட்டி ஆகியிருந்தது.

"இன்னைக்குப் பிரசங்கம் நீளம். அதான் நல்லாப் பிடிச்சிருக்கு" என்றான்.

சோப்புப் போட்டு ஏழு முறை கழுவியும் லேசாக வாடை அடித்தது. என்ன வாடை என்று ஸ்வர்ணா கேட்டதற்குக் கார்பெட் என்று வாஞ்சிநாதன் சொல்லி வைத்தான்.

திங்கட்கிழமை காலை, மில்லர் காசை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். தலையாட்டல் நின்றது.

வாஞ்சிநாதனுக்கு மீனம்பாக்கம் ஏர்போர்ட் கண்முன்னால் வந்தது.

மில்லர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். மேஜையிலிருந்த கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அதை வாஞ்சிநாதன் பக்கம் நகர்த்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டம்மா டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ச்சா. கிளப்புல யாருக்கும் தெரியாது. எனக்கு ரெண்டு முட்டை ஆச்சு, உனக்கு எத்தனை?"