பெற்றோர் கையெழுத்து

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடம். ஒஹாயோவின் அந்த உயர்நிலைப் பள்ளியில், ஸ்பானிஷ் வகுப்பின் விதிமுறைத் தாள்களை ஆசிரியை புரட்டிக்கொண்டிருந்தார். இருபத்து மூன்றில் பெற்றோர் கையெழுத்து இருந்தது. க்ளெமென்தேயின் தாளில் மட்டும் அந்த இடம் காலி.

அந்த வகுப்பில் சொந்தப் பெயருக்கு இடமில்லை. மாணவர்களுக்கு முதல் நாள் சீட்டுக் குலுக்கி எடுத்த ஸ்பானிஷ் பெயர். ஆசிரியை எல்லோருக்கும் 'செஞோரா', ஸ்பானிஷில் 'அம்மையார்'.

"கையெழுத்து எங்க, க்ளெமென்தே?"

"கிடைக்கல, செஞோரா."

"மூணு நாள் குடுத்தேனே?"

"மூணு நாளும் சாப்பாட்டு மேஜையில வச்சேன். அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"தூங்குறப்போ கையப் பிடிச்சுப் போட்டிருக்கலாமேடா!" என்றாள் பின்வரிசை பலோமா. வகுப்பே சிரித்தது.

செஞோரா சிரிக்கவில்லை. கையெழுத்துக்கான பத்து மதிப்பெண் போனால் வகுப்பின் மெக்சிகோ பயணப் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. கோடை முழுக்க அவன் அதைப் பற்றித்தான் பேசியிருந்தான். ஆனால் இவனுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? சிவப்பு மையில் பூஜ்யம் போட்டார்.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவன் நின்றான். அவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார்.

"அம்மா, நம்ம வீட்டு மேஜையில உக்காந்துதானே எல்லார் தாளையும் சரிபாத்த? என்னோடதுல மட்டும் ஏன் நீ கையெழுத்துப் போடல?"